பூஞ்சண நஞ்சு: அடுப்பில் அழியாத பகை

(ஜார்ஜ் டவுனில், தோட்டத் தொழிலாளர் குடும்பங்கள் கூடியிருந்த சுகாதாரக் கூட்டமொன்றில் ஆற்றப்பெற்ற உரை)

 

விடியுமுன் எழுந்து, வெட்டுக்கத்தியும் வாளியுமாய் மரங்களை நாடிச் செல்லும் உங்களுக்குப் பூஞ்சணம் புதியதன்று. மழை விடாமல் பெய்யும் நாள்களில் மரத்தின் வெட்டுப்பட்டையில் சாம்பல் நிறத்தில் அது படர்வதை நீங்கள் கண்டிருக்கின்றீர்கள். மருந்து பூசாமல் விட்டால் பட்டை அழுகிப் போகும் என்பதையும் அறிவீர்கள். புகைக்கூடத்தில் வேலை பார்த்த மூத்தவர்கள் மற்றொன்றையும் நினைவில் வைத்திருப்பார்கள். நன்றாகக் காயாத ரப்பர் ஷீட்டின்மேல் சில நாள்களில் பூஞ்சணம் பூத்துவிடும். தரம் பிரிப்பவர் அதனை வெளிச்சத்திற்கு எதிரே தூக்கிப் பார்ப்பார். பூஞ்சணம் மிகுந்திருந்தால் தரத்தை இறக்குவார். தரம் இறங்கினால் விலையும் இறங்கும்.

விற்கப்போகும் ரப்பருக்கு இத்துணைக் கண்டிப்பு இருந்தது. உண்ணப்போகும் உணவுக்கு அந்தக் கண்டிப்பில் பாதியேனும் நம் வீடுகளில் உண்டா? இந்த ஒரு கேள்வியைக் கேட்கவே இன்று உங்கள் முன் நிற்கின்றோம்.

தோட்டத்து லயத்தில் வளர்ந்தவர்கள் நாங்களும். சம்பளத்தன்று வாங்கிய நிலக்கடலை மாதக் கடைசியில் பச்சையும் மஞ்சளுமாய்ப் பூத்துக் கிடந்தால் எங்கள் வீட்டில் அதனை எறிந்ததில்லை. முறத்தில் இட்டுப் புடைத்து, துணியால் துடைத்து, சட்டியில் கருக வறுத்து எங்களுக்குக் கொடுப்பார்கள். ரொட்டியில் பூஞ்சணம் கண்டால் அந்த இடத்தை மட்டும் கிள்ளி எறிவார்கள். அரிசியில் வாடை அடித்தால் நான்கு தண்ணீருக்குப் பதில் ஏழு தண்ணீர் ஊற்றிக் கழுவுவார்கள். அந்தத் தாய்மார்களை நாங்கள் குறை கூறவில்லை. காசின் அருமை தெரிந்தவர்கள் பொருளை வீணாக்க அஞ்சினார்கள். அது நற்குணமே. ஆனால், அந்த நற்குணமே நம்மைக் காட்டிக்கொடுக்கும் இடம் ஒன்று உண்டு. அது எவ்வளவு கொடியது என்பதற்கு அயல்நாட்டை நாடிச் செல்ல வேண்டியதில்லை. பினாங்கிற்குத் தெற்கே நம்மை அடுத்துள்ள பேராக் மாநிலத்தில் நடந்ததைக் கேளுங்கள்.

பேராக்கில் நேர்ந்த துயரம்

1988ஆம் ஆண்டு அக்டோபர் மாதம். சீன அன்பர்கள் ஒன்பது பேரரசர் தெய்வங்களுக்கு விழா எடுத்து, சைவ உணவு உண்டு விரதம் காக்கும் காலம். அந்நாள்களில் பேராக்கின் இரண்டு மாவட்டங்களைச் சேர்ந்த ஆறு ஊர்களில் குழந்தைகள் திடீரென நோயுற்றார்கள். முதலில் வாந்தி, பிறகு வயிற்று வலி, வயிற்றுப்போக்கு, காய்ச்சல், தலைச்சுற்றல். சில குழந்தைகள் இரத்த வாந்தி எடுத்தார்கள். வலிப்புக் கண்டது, நினைவு தப்பியது. சில நாள்களுக்குள் 13 குழந்தைகள் மாண்டு போனார்கள். அவர்களுள் இளையவருக்கு வயது இரண்டரை, மூத்தவருக்குப் பதினொன்று. ஈரலும் சிறுநீரகமும் செயலிழந்ததே மரணத்திற்குக் காரணம் என மருத்துவர்கள் கண்டார்கள்.

ஆறு ஊர்களிலும் சிதறிக் கிடந்த வீடுகளை இணைத்தது எது? சுகாதார அதிகாரிகள் வீடு வீடாகச் சென்று, குழந்தைகள் என்ன உண்டார்கள், எப்போது உண்டார்கள், எங்கே வாங்கினார்கள் என்று கேட்டுக் குறித்தார்கள். விடை ஓர் உணவில் வந்து நின்றது. எலியின் வாலைப் போலக் குட்டையாய், நுனி கூர்ந்து இருக்கும் அரிசிமாவு மீ அது. 'லோ ஷீ ஃபன்' என்பது அதன் பெயர். கம்பார் நகரில் இருந்த ஒரே தொழிற்கூடத்திலிருந்து அது புறப்பட்ட பாதையும், நோய் கண்ட ஊர்களும் ஒன்றாய்ப் பொருந்தின. மாண்ட குழந்தைகளின் உடற்பகுதிகளைச் சோதித்தபோது, பூஞ்சணம் சுரக்கும் 'அஃப்லடாக்ஸின்' என்னும் நஞ்சு அவற்றில் இருந்தது உறுதியாயிற்று. மீ கெடாதிருக்கச் சிலர் கலக்கும் போரிக் அமிலமும் அந்த நிகழ்ச்சியில் பேசப்பட்டது. அதுவும் உணவில் சேரத் தகாத பொருளே.

பெருமக்களே! அந்த மீயைச் சமைத்துக் கொடுத்தவர்கள் பெற்ற தாய்மார்கள். கொதிக்கும் நீரில் இட்டுத்தான் கொடுத்தார்கள். பார்வைக்கு அது வெள்ளை வெளேரென்றே இருந்திருக்கும். அன்பும் இருந்தது, அடுப்பும் இருந்தது. இரண்டும் அந்த நஞ்சைத் தடுக்க இயலவில்லை. இதனை மனத்தில் வைத்துக்கொண்டு மேலே கேளுங்கள்.

வான்கோழிகள் காட்டிக் கொடுத்தன

இந்த நஞ்சை உலகம் அறிந்துகொண்டது 1960ஆம் ஆண்டில். அவ்வாண்டு இங்கிலாந்தில் ஒரு லட்சத்திற்கும் மேற்பட்ட வான்கோழிகள் காரணம் புரியாமல் மடிந்தன. ஆராய்ந்து பார்த்ததில், பிரேசில் நாட்டிலிருந்து வந்த கடலைப் புண்ணாக்கு அவற்றின் தீவனத்தில் கலந்திருந்தது தெரிந்தது. அந்தப் புண்ணாக்கில் 'அஸ்பெர்ஜில்லஸ் ஃபிளேவஸ்' என்னும் மஞ்சள் கலந்த பச்சை நிறப் பூஞ்சணம் வளர்ந்திருந்தது. அப்பெயரின் எழுத்துகளைச் சேர்த்தே, அது சுரந்த நஞ்சுக்கு அஃப்லடாக்ஸின் என்று பெயரிட்டார்கள்.

மனிதரை அது எவ்வாறு வருத்தும் என்பதை 1974ஆம் ஆண்டில் இந்தியா கண்டது. ராஜஸ்தானிலும் குஜராத்திலும் அறுவடைக் காலத்தில் பருவம் தப்பிய மழை பெய்து மக்காச்சோளம் நனைந்து பூஞ்சணம் பிடித்தது. வேறு தானியம் வாங்க வழியற்ற ஏழைப் பழங்குடி மக்கள் அதனையே மாவாக்கி ரொட்டி சுட்டு உண்டார்கள். ஏறத்தாழ 400 பேருக்கு மஞ்சள் காமாலை கண்டது; வயிற்றில் நீர் கோத்தது. நூற்றுக்கும் மேற்பட்டோர் இறந்தனர். அந்த வீடுகளில் எஞ்சியதைத் தின்ற நாய்களும் அதே நோயால் மடிந்தன. 2004ஆம் ஆண்டில் கென்யா நாட்டில், ஈரத்தோடு வீட்டில் சேமித்த மக்காச்சோளத்தால் 317 பேர் நோயுற்று 125 பேர் உயிரிழந்தனர்.

நாடுகள் வேறு, மொழிகள் வேறு, கதை ஒன்றே. நனைந்த தானியம், ஏழையின் வீடு, எறிய மனம் வராத கை. இம்மூன்றும் கூடிய இடத்தில் இந்த நஞ்சு உயிரைப் பறித்திருக்கின்றது.

ஈரலில் நடப்பது என்ன?

உண்ணும் உணவு குடலில் செரித்த பின் அதன் சாரம் முதலில் ஈரலுக்கே போகின்றது. நல்லதை வைத்துக்கொண்டு தீயதை மாற்றி வெளியேற்றுவது ஈரலின் கடமை. அஃப்லடாக்ஸின் வந்து சேர்ந்ததும் ஈரல் அதனையும் மாற்ற முனைகின்றது. அப்படி மாற்றும்போது அது முன்னிலும் கொடிய பொருளாகி, ஈரல் உயிரணுக்களின் உள்ளே பற்றிக்கொள்கின்றது. காவலனே திருடனுக்குக் கத்தி தீட்டிக் கொடுத்தாற்போல் முடிகின்றது அவ்வேலை.

நஞ்சு ஒரே முறையில் மிகுதியாகச் சேர்ந்தால் உயிரணுக்கள் கூட்டங்கூட்டமாய் மடியும். இரத்தத்தை உறையச் செய்யும் பொருள்களை ஈரல் உண்டாக்க இயலாது. அதனால் இரத்தம் கசியும். உடலின் கழிவுகளை அது அகற்ற இயலாது. அவை மூளைக்கு ஏறி மயக்கமும் வலிப்பும் உண்டாகும். கம்பார் மீயை உண்ட குழந்தைகளுக்கு நேர்ந்தது இதுவே.

நஞ்சு சிறிது சிறிதாகப் பல ஆண்டுகள் சேர்ந்தாலோ, நோவும் இல்லை, காய்ச்சலும் இல்லை. ஆனால் ஈரலில் புற்றுநோய்க்கு வித்திடப்படுகின்றது. மனிதருக்குப் புற்றுநோய் விளைவிக்கும் பொருள்களின் முதல் வரிசையில் அஃப்லடாக்ஸினை உலகப் புற்றுநோய் ஆராய்ச்சி அமைப்பு வைத்திருக்கின்றது. 'பி' வகைக் கல்லீரல் அழற்சி நோயின் கிருமி உடலில் உள்ளவர்களுக்கு இந்த ஆபத்து பல மடங்கு பெருகும். அந்நோய்க்கான தடுப்பூசியை நம் நாட்டில் பிறக்கும் குழந்தைகளுக்கெல்லாம் 1989 முதல் அரசாங்கம் போட்டுவருகின்றது. அதற்கு முன் பிறந்தவர்கள் இரத்தப் பரிசோதனை செய்து தம் நிலையைத் தெரிந்துகொள்வது நலம். சம்சுவும் பிற மதுவும் அருந்துவோர், ஏற்கெனவே நொந்த ஈரலின்மேல் இன்னொரு சுமையை ஏற்றுகின்றார்கள் என்பதையும் சொல்லாமல் விட இயலவில்லை.

அறிகுறிகளை அறியுங்கள்

பூஞ்சண நஞ்சு மிகுதியாக உட்சென்றவரிடம் தோன்றும் அறிகுறிகளை வரிசையாகச் சொல்கின்றோம்.

முதற்கட்டம்: பசியின்மை, குமட்டல், வாந்தி, வயிற்று வலி, காய்ச்சல், உடற்சோர்வு.

இரண்டாம் கட்டம்: கண்ணின் வெள்ளை விழியும் தோலும் மஞ்சளாதல், சிறுநீர் கடுந்தேநீர் நிறத்தில் இறங்குதல், வயிறும் கால்களும் வீங்குதல், ஈறுகளிலோ மூக்கிலோ இரத்தம் கசிதல்.

மூன்றாம் கட்டம்: பிதற்றல், ஓயாத உறக்கம், வலிப்பு, நினைவிழத்தல்.

குழந்தைகளிடம் இம்மூன்று கட்டங்களும் ஒன்றன்மேல் ஒன்றாய் விரைந்து வந்துவிடலாம். ஆகவே இரண்டாம் கட்டத்தைக் காத்திருந்து பார்க்காதீர்கள்.

இங்கு ஓர் எச்சரிக்கையும் தேவை. மஞ்சள் காமாலை கண்டோரெல்லாம் பூஞ்சண நஞ்சு உண்டவர் அல்லர். கிருமிகளால் வரும் காமாலை பல உண்டு. எலிச்சிறுநீர் கலந்த நீரினால் வரும் காய்ச்சலும் தோட்டப்புறங்களில் காமாலையை உண்டாக்கும். எது என்று நாமே தீர்மானித்துக்கொண்டு, வேரும் இலையும் அரைத்துக் குடித்து, மந்திரித்துக் கயிறு கட்டி நாள்களைப் போக்குவது உயிருக்கு உலை வைப்பதாகும். மருத்துவமனைக்குச் செல்லும்போது, கடந்த ஓரிரு நாள்களில் உண்டவை யாவை, உடன் உண்டவர் யார், அவர்கள் நிலை என்ன என்பதைச் சொல்லுங்கள். எஞ்சிய உணவு இருந்தால் மூடிய பாத்திரத்தில் கையோடு கொண்டு செல்லுங்கள். இந்த நஞ்சை முறிக்கும் தனி மருந்து இல்லை. ஈரல் தேறி எழும்வரை உயிரைத் தாங்கிப் பிடிக்கும் சிகிச்சையே உண்டு. அதனால்தான் ஒவ்வொரு மணி நேரமும் அருமையானது.

நம் பினாங்கில் கண்டது

"அது பேராக்கில் நடந்தது, எப்போதோ நடந்தது, நமக்கென்ன?" என்று எண்ணிவிடலாகாது. மலேசிய அறிவியல் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஆராய்ச்சியாளர்கள், நோயற்றவர்களாய் நடமாடிய பினாங்கு மக்கள் 170 பேரின் இரத்தத்தைச் சோதித்து, 2012ஆம் ஆண்டில் முடிவை வெளியிட்டார்கள். அவர்களுள் 100க்கு 97 பேரிடம் அஃப்லடாக்ஸின் உடலில் சென்று பட்டதன் அடையாளம் காணப்பட்டது. கடலை வகைகளை உண்பதற்கும் இதற்கும் உள்ள தொடர்பையும் அவர்கள் ஆராய்ந்தார்கள். அடையாளம் இருப்பதாலேயே நோய் வந்துவிட்டது என்பதன்று. அந்த அளவுகள் மிகச் சிறியவை. ஆயினும் நஞ்சு நம் தட்டில் அவ்வப்போது வந்து அமர்கின்றது என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டுவதில்லை.

இதற்கு நமது தட்பவெப்பமே முதற்காரணம். இந்தப் பூஞ்சணம் விரும்புவது 30 டிகிரியை ஒட்டிய வெப்பமும் ஈரக் காற்றும். பினாங்கில் இரண்டுக்கும் ஆண்டு முழுவதும் குறைவில்லை. செப்டம்பர், அக்டோபர் மாதங்களில் மழையும் வலுக்கின்றது. கடல் கடந்து வரும் வேர்க்கடலை, காய்ந்த மிளகாய், மல்லி, மக்காச்சோளம் ஆகியவை கப்பலிலும் கிடங்கிலும் கடையிலும் காத்திருந்துதான் நம் வீட்டுக்கு வருகின்றன. வழியில் எங்கே ஈரம் பட்டாலும் பூஞ்சணம் குடியேறிவிடும்.

அரசாங்கம் இதற்குச் சட்டம் வகுத்துள்ளது. 1983ஆம் ஆண்டின் உணவுச் சட்டத்தின் கீழ் வகுக்கப்பெற்ற 1985ஆம் ஆண்டின் உணவு விதிமுறைகள், உண்ணத் தயாரான நிலக்கடலையில் அஃப்லடாக்ஸின் கிலோவுக்கு 10 மைக்ரோகிராமைத் தாண்டலாகாது என்கின்றன. ஒரு லட்சம் கிலோ கடலையில் ஒரு கிராம் நஞ்சு! பத்து டன் ஏற்றிய லாரிகள் பத்து வரிசையாக நின்றால், அத்தனையிலும் சேர்த்து ஒரு சிட்டிகை. அதற்கு மேல் போனால் விற்கத் தகாதது. இத்துணைச் சிறிய அளவைக் கண்ணாலும் நாவாலும் நாம் எங்ஙனம் அளப்பது? அளக்க இயலாது. ஆனால் ஐயத்திற்குரியதை விலக்க இயலும்.

ஏன் அடுப்பை நம்பலாகாது?

கிருமி வேறு, கிருமி விட்டுச் சென்ற நஞ்சு வேறு. கொதிக்கும் நீரில் பூஞ்சணம் மடிந்து போகும், ஐயமில்லை. ஆனால் அது முன்பே சுரந்து வைத்த நஞ்சு மடியாது. நீர் கொதிப்பது 100 டிகிரியில். அஃப்லடாக்ஸின் முற்றும் சிதைய 230 டிகிரிக்கும் மேலான வெப்பம் வேண்டும். வறுப்பதனால் ஓரளவு குறையலாம்; ஒழியாது. பாம்பை அடித்துக் கொன்றபின்னும் அதன் பல்லில் நஞ்சு இருப்பதில்லையா? அதுபோலத்தான் இதுவும்.

மேலே தெரியும் பூஞ்சணத்தை மட்டும் கிள்ளி எறிவதும் பயன் தராது. கண்ணுக்குத் தெரிவது அதன் பூ. வேர்போன்ற இழைகள் ரொட்டியின் உள்ளே, சோற்றின் உள்ளே, பலகாரத்தின் உள்ளே கண்ணுக்குத் தெரியாமல் ஓடியிருக்கும்.

ஆனால் கடலையில் நமக்கு ஒரு வசதி உண்டு. மூட்டை முழுவதும் நஞ்சு சமமாய்ப் பரவியிருப்பதில்லை. சில பருப்புகளில் மட்டும் மிகுதியாய்க் குவிந்திருக்கும். அவை சுருங்கியவை, நிறம் மாறியவை, உடைந்தவை, பூஞ்சணம் பூத்தவை. வறுப்பதற்கு முன் முறத்தில் பரப்பி அவற்றைப் பொறுக்கி எறிந்தால் நஞ்சின் பெரும்பகுதி வெளியேறிவிடும். குழந்தைகளுக்கு இதனைப் பழக்குங்கள்: கடலை கசந்தால் விழுங்காதே, துப்பிவிடு, வாயைக் கொப்பளி. இந்த ஒரு பாடத்திற்குப் பள்ளிக்கூடம் தேவையில்லை.

மாட்டுக்கு இட்டது மகவுக்கு வரும்

மாடு வளர்க்கும் குடும்பங்கள் இதனைக் கருத்தூன்றிக் கேட்க வேண்டும். "நமக்கு ஆகாததை மாட்டுக்குப் போடு" என்பது பழைய வழக்கம். பூஞ்சணம் பிடித்த புண்ணாக்கை மாடு தின்றால், அதன் ஈரல் அந்த நஞ்சை மாற்றிப் பாலில் அனுப்புகின்றது. தின்ற ஒரு நாளுக்குள் பாலில் அது தோன்றிவிடும். அந்தத் தீவனத்தை நிறுத்திய சில நாள்களில் நீங்கும். காய்ச்சினாலும் போகாத அந்தப் பாலை முதலில் குடிப்பது யார்? வீட்டுக் குழந்தை. கோழிக்கு இட்டாலும் கோழி நோயுறும், முட்டை குறையும். எருக்குழிக்குப் போக வேண்டியதைத் தொட்டியில் போடாதீர்கள்.

சுவரில் பூக்கும் பூஞ்சணம்

வீட்டுச் சுவரிலும் கூரைப் பலகையிலும் கருமையாய்ப் படரும் பூஞ்சணத்தைப் பற்றிப் பலரும் கேட்கின்றார்கள். அதனால் வரும் துன்பம் வேறு வகையானது. அதன் தூள் காற்றில் கலந்து மூக்கொழுகல், தும்மல், கண்ணரிப்பு, இருமல், இளைப்பு ஆகியவற்றை உண்டாக்கும்; ஆஸ்துமா உள்ளவரை மேலும் வருத்தும். ஈரம் நிறைந்த வீடுகளில் வாழ்வோருக்கு இத்தொல்லைகள் மிகுதி என்பதை உலகச் சுகாதார நிறுவனமும் 2009ஆம் ஆண்டில் எடுத்துரைத்தது. ஆனால், உணவின் வழியாக வந்து ஈரலைத் தாக்கும் நஞ்சோடு இதனைச் சேர்த்துக் குழப்பிக்கொள்ள வேண்டுவதில்லை. கூரை ஒழுக்கை அடைப்பதும், ஈரத்துணியைப் படுக்கையறையில் காயவிடாதிருப்பதும், பகலில் சன்னலைத் திறந்து வைப்பதும், சுவரைத் துடைத்து உலரவிடுவதும் இதற்குப் பரிகாரம். பூஞ்சணம் எல்லாமே பகை என்றும் எண்ண வேண்டாம். தெம்பே செய்வதும் ஒரு பூஞ்சணத்தால்தான். பென்சிலின் மருந்து கிடைத்ததும் ஒரு பூஞ்சணத்திலிருந்துதான். தானாக வந்து உணவில் குடியேறுவதைத்தான் விலக்கச் சொல்கின்றோம்.

செய்யத் தக்கவை

வீட்டுக்குச் சென்றதும் செய்யத் தக்கவற்றைச் சுருக்கமாகச் சொல்லி முடிக்கின்றோம்.

1. கடலை, மிளகாய், மல்லி, மாவு ஆகியவற்றை ஒரு மாதத்திற்கு மேல் தேங்காத அளவில் வாங்குங்கள். மலிவாய்க் கிடைக்கின்றதென்று மூட்டையாய் வாங்கி மழைக்காலத்தில் வைத்திருப்பது மலிவன்று.

2. வாங்கும்போதே கையில் அள்ளிப் பாருங்கள்; முகர்ந்து பாருங்கள். மக்கிய வாடை அடித்தால் வாங்காதீர்கள்.

3. வெயில் கண்ட நாளில் தானியத்தையும் மிளகாயையும் பாயில் பரப்பி நன்றாகக் காயவைத்து, ஆறிய பின்னரே காற்றுப் புகாத டின்னில் அடையுங்கள். சூட்டோடு அடைத்தால் உள்ளே வியர்த்து அதுவே ஈரமாகிவிடும்.

4. அரிசி மூட்டையைச் சிமெண்டுத் தரையில் வைக்காதீர்கள், சுவரில் சாய்க்காதீர்கள். பலகை போட்டு அதன்மேல் வையுங்கள். ஈரக் கையாலும் ஈரக் குவளையாலும் அள்ளாதீர்கள்.

5. பழையது தீர்ந்த பின்னரே புதியதைக் கொட்டுங்கள். டின்னின் அடியில் ஒட்டிய பழைய தூள் புதியதைக் கெடுக்கும்.

6. பூஞ்சணம் கண்ட ரொட்டி, சோறு, மீ, பலகாரம், அரைத்த மசாலா ஆகியவற்றை முழுமையாக எறிந்துவிடுங்கள். நாய்க்கும் கோழிக்கும் மாட்டுக்கும் இடாதீர்கள்.

7. கடையில் பூஞ்சணம் பிடித்த பண்டம் விற்கக் கண்டால் கடைக்காரரிடம் சொல்லுங்கள். அவர் கேளாராயின் மாவட்டச் சுகாதார அலுவலகத்தில் புகார் செய்யுங்கள். கடனுக்கு வாங்குகின்றோமே, எப்படிக் கேட்பது என்று தயங்காதீர்கள். கடனுக்கு வாங்கினாலும் காசுக்கு வாங்கினாலும் சட்டம் ஒன்றே.

8. ஒரே உணவை உண்ட இருவருக்கோ மூவருக்கோ வாந்தியும் மயக்கமும் கண்டால் உடனே அரசாங்க மருத்துவமனைக்குச் செல்லுங்கள். நச்சுப் பொருள்கள் பற்றி மருத்துவர்களுக்கு ஆலோசனை கூறவென்றே தேசிய நச்சு மையம் பினாங்கிலேயே, அறிவியல் பல்கலைக்கழக வளாகத்தில், 1994 முதல் இயங்கிவருகின்றது.

பெருமக்களே! திருவள்ளுவர் மருந்து என்று ஓர் அதிகாரம் வகுத்தார். அதில் அவர் பெரிதும் பேசியது மூலிகைகளைப் பற்றியன்று. உண்ணும் முறையைப் பற்றியே. எதை உண்பது, எப்போது உண்பது, எவ்வளவு உண்பது என்று அறிந்தவனை நோய் நெருங்க அஞ்சும் என்பதே அவர் கருத்தின் சாரம். எதை எறிவது என்று அறிவதும் அந்த அறிவில் அடங்கியதுதான்.

எங்கள் லயத்து வீட்டில் கடலையை வறுத்துக் கொடுத்த கைகளை நாங்கள் இன்றும் வணங்குகின்றோம். இந்தச் செய்தி அன்று அவர்களுக்கு எட்டியிருந்தால், அந்தக் கைகளே அதனை எருக்குழியில் கொட்டியிருக்கும். அவர்களுக்கு எட்டாதது இன்று உங்களுக்கு எட்டியிருக்கின்றது. இரண்டு வெள்ளி பெறுமானமுள்ள கடலையை எறிய மனம் கூசும்போது, பேராக்கில் மாண்ட 13 குழந்தைகளை ஒரு கணம் நினையுங்கள். பூஞ்சணம் பூத்த ஷீட்டைத் தரம் பிரிப்பவர் தயங்காமல் ஒதுக்கி வைத்தாரே, அந்தக் கண்டிப்பு இனி உங்கள் அடுப்படிக்கும் வரட்டும். ரப்பர் தரம் இறங்கினால் விலைதான் குறைந்தது. உணவு தரம் இறங்கினால் குறைவது நம் பிள்ளைகளின் ஆயுள்.